முதியோர் உதவித்தொகையும் நமது சங்கப் பதிவேடும்

(அங்கத்தினர் படிப்பு வட்டத்திற்கான பாடம்)

எழுதியவர்: அடையாற்றுப் பகுதிக் கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர்

சங்கத்தின் பதிவேடுகளைத் தணிக்கைக்காக எழுதப்படும் புத்தகங்கள் என்றே நம்மில் பலர் எண்ணி வருகிறோம். ஆண்டுக்கொரு முறை தணிக்கையாளர் வருகிறார், கூட்டல் கழித்தலைச் சரிபார்க்கிறார், கையொப்பமிட்டுச் செல்கிறார். பின்னர் அப்புத்தகங்கள் பீரோவுக்குள் சென்றுவிடுகின்றன. இந்தப் பதிவேடுகளைக் கொண்டே நமது முதியவர்களின் வீட்டுச் செலவுக்கு வழிகாட்ட இயலும் என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். முதியோருக்கு அரசு அளிக்கும் உதவிகள் எவை, அவை எவ்வளவு தூரம் போதுமானவை, உரியவருக்கு அவை சேராமற் போவது ஏன், சங்கம் செய்யத்தக்கது யாது என்னும் வரிசையில் இதனை அமைத்துள்ளேன்.

1. அடையாற்றில் கண்டது

இப்பத்திரிகையின் வாசகர் பெரும்பாலோர் தறியிலும் வயலிலும் உழைப்பவர். சென்னை அடையாற்றில் நடந்த ஒன்றை அவர்களுக்குக் கூறுவானேன் எனக் கேட்கலாம். அடையாற்றின் காந்தி நகர், கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தின் முயற்சியால் உருவான குடியிருப்பு. ஒருபுறம் பிரம்மஞான சபையின் தோட்டமும், கடலோரத்தில் ஊரூர்க் குப்பமும், இடையே உயர்ந்த அடுக்கு வீடுகளும் உள்ள இடம் இது. அவ்வடுக்கு வீடுகளின் பின்னே உள்ள சந்துகளில், தறியையும் நிலத்தையும் விட்டுப் பிழைப்புக்கு வந்த குடும்பங்கள் பல வாழ்கின்றன. நமது கிராமத்து முதியவர்களின் கதை அங்கேயும் தொடர்கிறது.

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இப்பகுதியில் கூட்டுறவுச் சங்கம் ஒன்று நடத்தும் நியாய விலைக் கடையில் ஆய்வு செய்து கொண்டிருந்தேன். அட்டைவாரியான விற்பனைப் பட்டியலைப் பார்த்து வருகையில், ஓர் அட்டைக்கு நான்கு மாதங்களாக இலவச அரிசி மட்டுமே சென்றிருந்தது. பருப்பு, பாமாயில், சர்க்கரை ஆகிய விலைப் பொருள்கள் ஒரு முறைகூட வாங்கப்படவில்லை. அதற்கு முந்தைய ஓராண்டில் அதே அட்டைக்கு அவை மாதந்தவறாமல் சென்றுள்ளன. இரண்டு மாதங்களுக்கு முன் அதே கடையை நான் ஆய்வு செய்தபோதும் இது என் கண்ணில் பட்டிருந்தது. அப்போது நான் என் கையால் எழுதிய குறிப்பு: ‘அட்டைதாரருக்கு மற்றப் பொருள்கள் தேவையில்லை எனத் தெரிகிறது.’

அன்று அந்த அட்டைக்குரிய அம்மையார் வரிசையில் நின்றிருந்தார். வயது 67. தனியாக வாழ்பவர். “அம்மா, பருப்பும் எண்ணெயும் வாங்குவதில்லையே, வேண்டாமா?” எனக் கேட்டேன். “வேண்டாம்னு யார் தம்பி சொன்னது? காசு வரலையே” என்றார்.

விசாரித்ததில் விவரம் தெரிந்தது. அவர் காஞ்சிபுரத்தை அடுத்த ஊரொன்றில் தறி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர். கணவர் நெய்ய, இவர் முப்பது ஆண்டுகள் தார் சுற்றிக் கொடுத்தார். கணவர் மறைந்தபின் மகளைத் தேடிச் சென்னை வந்து, மந்தைவெளிப் பக்கம் ஒரு வாடகை அறையில் இருந்தார். அங்கே முதியோர் உதவித்தொகையும் கிடைத்து வந்தது. அவ்வீட்டை இடித்து அடுக்கு மாடி கட்டத் தொடங்கவே, அடையாற்றுச் சந்தொன்றுக்குக் குடிபெயர்ந்தார். கள விசாரணைக்கு வந்தவர்கள் பழைய முகவரியில் அவரைக் காணவில்லை. ‘இருப்பிடத்தில் இல்லை’ என எழுதப்பட்டது, தொகை நின்றது. எவரும் வஞ்சனை செய்யவில்லை. முகவரி மாறியதைத் தெரிவிக்க வேண்டும் என்பதை அவருக்குச் சொல்வாரும் இல்லை. வங்கியில் மூன்று முறை கேட்டிருக்கிறார். ‘கணக்கில் பணம் வரவில்லை’ என்ற விடையே கிடைத்தது. அது உண்மையான விடைதான். எனினும் அவருக்கு அதனால் பயன் விளையவில்லை.

புதிய முகவரிச் சான்றுடன் மனு எழுதிக் கொடுத்து, இரண்டு மாதம் கழித்துத் தொகை மீண்டும் வரலாயிற்று. இடையில் நின்றுபோன மாதங்களின் தொகை அவருக்குக் கிடைக்கவில்லை. என் முதற் குறிப்பை எழுதிய அன்றே அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், இரண்டு மாதத் தொகையேனும் அவருக்கு மிஞ்சியிருக்கும். கடையின் பட்டியல் உண்மையைக் காட்டியது. படித்த நான் அதைத் தவறாகப் படித்தேன்.

2. உதவித்தொகையின் வரலாறு

முதுமை, நோய், வேலையின்மை ஆகியவற்றில் மக்களுக்கு அரசின் உதவி கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்பது நமது அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவு. ஆயினும் இவ்வெண்ணம் உலகில் அதற்கு முன்பே வேரூன்றிவிட்டது. ஜெர்மனியில் 1889-இல் முதியோர் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. இங்கிலாந்தில் 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1909 ஜனவரி முதல் நாளன்று, 70 வயது கடந்த ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரையில் அஞ்சலகங்களில் வழங்கத் தொடங்கினர்.

நம் நாட்டில் உத்தரப் பிரதேசம் 1957-இல் இவ்வழியில் இறங்கியது. அப்போது சென்னை மாநிலம் எனப் பெயர் பெற்றிருந்த நமது மாநிலத்தில் 1962 ஏப்ரல் 1 முதல் முதியோர் உதவித்தொகை நடைமுறைக்கு வந்தது. தொகை மாதம் 20 ரூபாய். 1967-இல் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கும் திட்டம் வந்தபோது, அவ்விலையில் 20 ரூபாய் என்பது 20 படி அரிசிக்கு ஈடு. பணவிடை மூலம் அத்தொகையை வீட்டு வாயிலில் கொண்டு வந்து கொடுத்த தபால்காரரை இன்றும் நினைவுகூரும் முதியவர் பலர் உளர்.

அதன்பின் உதவிகள் கிளைத்தன. 1974-இல் உடல் ஊனமுற்றோருக்கும், 1975-இல் ஆதரவற்ற விதவைகளுக்கும், 1981-இல் ஆதரவற்ற விவசாயத் தொழிலாளருக்கும், 1986-இல் கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் தனித்தனித் திட்டங்கள் வந்தன. மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15 அன்று தேசிய சமூக உதவித் திட்டத்தைத் தொடங்கி, 65 வயது நிறைந்த ஏழை முதியவருக்கு மாதம் 75 ரூபாய் தன் பங்காக அளித்தது. பிற்காலத்தில் அது 200 ரூபாயாயிற்று. 2011-இல் வயது வரம்பு 60 ஆகக் குறைக்கப்பட்டு, 80 வயது கடந்தவருக்கு மத்தியப் பங்கு 500 ரூபாய் என விதிக்கப்பட்டது. 2025 வரையில் இப்பங்குகள் உயரவில்லை. மிகுதியை மாநில அரசே சேர்த்துக் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் மொத்தத் தொகை 2011-இல் 1,000 ரூபாயாகவும், 2023-இல் 1,200 ரூபாயாகவும் ஆக்கப்பட்டது.

இவ்வெண்களைப் படிப்பு வட்டத்தில் சற்றே ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். 2011 நவம்பரில் ஆவின் சமன்படுத்திய பால் லிட்டர் 24 ரூபாய். 2023-இல் 40 ரூபாய். அதாவது, உதவித்தொகை ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்த காலத்தில் பாலின் விலை மூன்றில் இரண்டு பங்கு உயர்ந்துள்ளது. தொகை கூடியது உண்மை. விலைவாசி அதனை முந்திச் சென்றதும் உண்மை.

3. ஒரு மாதக் கணக்கு

1,200 ரூபாய் எவ்வளவு தூரம் வரும்? மேற்கூறிய அம்மையாரின் செலவை 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதி விலைகளைக் கொண்டு அவருடன் அமர்ந்து எழுதிப் பார்த்தேன். அறை வாடகையை மகள் கொடுத்துவிடுகிறார். ஆதலின் அது கணக்கில் சேரவில்லை.

பால், நாளுக்கு அரை லிட்டர் வீதம் 30 நாளுக்கு: 600 ரூபாய்.
மூன்று மாதம் வரும் சமையல் எரிவாயு உருளையில் ஒரு மாதப் பங்கு: சுமார் 290 ரூபாய்.
நியாய விலைக் கடையில் துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய்: ஆக 55 ரூபாய்.
கூட்டுத் தொகை: 945 ரூபாய்.
மீதி: 255 ரூபாய்.

காய்கறி, உப்பு, புளி, சோப்பு, கைபேசிக் கட்டணம், மருந்து ஆகிய அனைத்திற்கும் நாளொன்றுக்கு எட்டரை ரூபாய். இதில் அரிசி விலை சேரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி இலவசமாதலின், அவ்வம்மையார் பிழைத்து வருகிறார். அதே அரிசியைச் சந்தையில் வாங்க நேர்ந்தால் இக்கணக்கு உடைந்துவிடும். தொகை நின்றுபோன நாளில் அவர் முதலில் பாலை விட்டார். பின்னர் பருப்பையும் எண்ணெயையும் விட்டார். சோற்றில் நீர் ஊற்றி உப்பிட்டு உண்டு நான்கு மாதம் கழித்தார். முதுமையில் புரதமும் கொழுப்பும் குறைந்தால் உடல் தளர்வதும், தளர்ந்தவர் விழுவதும், விழுந்தவர் படுக்கையாவதும் நாம் நம் வீடுகளிலேயே கண்டவை.

4. பணமாக வராத உதவிகள்

வீட்டுச் செலவைக் குறைக்கும் சில உதவிகள் பணமாகக் கைக்கு வருவதில்லை. அவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, மின்சாரம். 2016 மே 23 முதல் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்பட்டு வருகிறது. தனியே வாழும் ஒரு முதியவருக்கு இது போதுமா எனக் கணக்கிட்டுப் பார்ப்போம். 70 வாட் மின்விசிறி நாளுக்கு 16 மணி நேரம் சுழன்றால் 60 நாளில் சுமார் 67 யூனிட். 9 வாட் விளக்குகள் இரண்டு ஆறு மணி நேரம் எரிந்தால் ஆறரை யூனிட். 50 வாட் தொலைக்காட்சி நான்கு மணி நேரம் ஓடினால் 12 யூனிட். மொத்தம் ஏறத்தாழ 86 யூனிட். ஆகவே கட்டணம் இல்லை. நாளுக்கு ஒரு யூனிட் இழுக்கும் பழைய குளிர்பதனப் பெட்டி இருந்தால் 146 ஆகிவிடும். மின்விசிறியை 30 வாட்டுக்குள் ஓடும் புதுவகைக்கு மாற்றினால் 67 யூனிட் 29-க்குள் வந்து, மொத்தம் மீண்டும் 108 அளவில் நிற்கும். மகனோ மகளோ பெற்றோருக்குத் தீபாவளிக்கு ஏதேனும் வாங்கித்தர விரும்பினால் இத்தகைய மின்விசிறியை வாங்கித் தரலாம்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சென்னையில் பல குடித்தனங்கள் உள்ள வீட்டில் ஒரே இணைப்பும், குடித்தனத்துக்கு ஒரு துணை மீட்டரும் இருப்பதுண்டு. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விகிதமாக வசூலித்தால், 100 யூனிட் சலுகை குடியிருக்கும் முதியவருக்கு எட்டுவதில்லை. குடிபுகும்போதே இதனைக் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

இரண்டாவது, போக்குவரத்து. 60 வயது நிறைந்த சென்னைவாசிகளுக்கு மாதம் பத்து முறை மாநகரப் பேருந்தில் கட்டணமின்றிச் செல்ல வில்லைகள் வழங்கும் முறை 2016 பிப்ரவரியில் தொடங்கியது. மகளிர் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்யும் முறை 2021 மே மாதம் வந்தது. மருத்துவமனைக்கும் வங்கிக்கும் போய்வரும் செலவு இதனால் குறைகிறது.

மூன்றாவது, மருந்து. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கு வீட்டுக்கே மருந்து கொண்டு வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் குறைந்த விலை மருந்துகளுக்காக 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. அவற்றுள் ஒரு பகுதி கூட்டுறவுச் சங்கங்கள் நடத்த முன்வந்தவை.

நான்காவது, துணி. 1983-இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தை நமது நெசவாள அன்பர்கள் நன்கறிவர். உதவித்தொகை பெறும் முதியவருக்கு வேட்டி அல்லது சேலை வழங்குவதும் உதவியின் பகுதி. ஒரு முதியவர் உடுத்தும் வேட்டி மற்றொரு வீட்டின் தறிக்கு வேலையாகிறது.

5. நெசவாளருக்கும் உழவருக்கும் உரியவை

பொதுவான முதியோர் உதவித்தொகை அன்றி, நமது தொழில்களுக்கென்று தனி ஏற்பாடுகளும் உண்டு. கூட்டுறவுக் கைத்தறி நெசவாளர் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில், நெசவாளர் தம் கூலியில் ரூபாய்க்கு 8 காசு செலுத்த, அரசு 4 காசு சேர்க்கிறது. மாதம் 6,000 ரூபாய் கூலி பெறுபவர் 480 ரூபாய் செலுத்தினால், 240 ரூபாய் அவர் கணக்கில் கூடுதலாகச் சேரும். இத்திட்டத்தில் இருந்து 60 வயது நிறைந்தவருக்குக் கூட்டுறவுக் கைத்தறி நெசவாளர் முதியோர் ஓய்வூதியம் உண்டு. இதுவும் 2023-இல் 1,200 ரூபாயாக்கப்பட்டது. கைத்தறி நெசவாளர் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 300 யூனிட் வரை கட்டணமில்லா மின்சாரம் என்பதும் அதே 2023-இல் வந்தது.

உழவருக்கு, 2011 செப்டம்பரில் புதிதாகத் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் உள்ளது. நன்செய் இரண்டரை ஏக்கர் அல்லது புன்செய் ஐந்து ஏக்கருக்கு மேற்படாத சிறு உழவரும் விவசாயத் தொழிலாளரும் இதன் அட்டை பெறலாம். முதுமையில் உதவித்தொகை கேட்கலாம். இவ்வுதவிகளுள் ஒருவர் ஒன்றையே பெறக்கூடும். இரட்டிப்பாகப் பெறுதல் கூடாது.

அடையாற்று அம்மையாரை ஈண்டு மறுபடி நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் முப்பது ஆண்டு தார் சுற்றியவர். எனினும் எந்தச் சங்கத்தின் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. கணவர் பெயரே இருந்தது. நெசவாளர் ஓய்வூதியத்துக்கு அவர் மனுச் செய்யவே வழியில்லாமற் போயிற்று. தார் சுற்றும் பெண்களையும், பாவுக்கு உதவும் பெண்களையும் நாம் நெசவாளர் எனக் கருதாமல், ‘வீட்டிலிருந்து உதவுபவர்’ என விட்டுவிடுகிறோம். இன்று இக்குறையை மாற்றாவிடில், இருபது ஆண்டு கழித்து அவர்களும் இதே நிலையில் நிற்பார்கள்.

6. உரியவருக்குச் சேராதது ஏன்

அரசாணை இருந்தும் உதவி எட்டாமற் போவதற்கு நான் கண்ட காரணங்கள் சில:

(அ) அறியாமை. ‘மகன் இருக்கிறான், எனக்குக் கிடைக்காது’ எனத் தாமே முடிவு செய்து கொள்வோர் பலர். தகுதியை ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டியவர் வட்டாட்சியர். மனுவே போடாதவரின் தகுதியை எவரும் ஆராய இயலாது.

(ஆ) வயதுக்குச் சான்றின்மை. ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டு தவறாகப் பதிவாகி, 66 வயதானவர் 57 எனக் காணப்படுவதுண்டு. இதனை மனுச் செய்யும் நாளில் கண்டு திகைப்பதைவிட, முன்னரே சரிபார்த்துத் திருத்துதல் நன்று.

(இ) விரல் ரேகை. ஆண்டாண்டாக நூலிலும் மண்ணிலும் தேய்ந்த விரல்களை இயந்திரம் அறிவதில்லை. நியாய விலைக் கடைக்கு வர இயலாத முதியவர் வேறொருவரை அனுப்பிப் பொருள் பெற அங்கீகாரப் படிவம் உண்டு. பலர் அதனை அறியார்.

(ஈ) இடமாற்றம். மேலே கண்டோம்.

(உ) நாணம். ‘கை நீட்டுவதா?’ என்னும் தயக்கம். இதனைப் பற்றிப் பின்னர் கூறுவேன்.

இத்தகைய நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் வீட்டை வெப்பப்படுத்தும் செலவுக்கென முதியோருக்கு 1997 முதல் ஒரு தொகை அளித்து வந்தனர். 2024-இல், வறிய முதியோருக்கான மற்றோர் உதவியைப் பெற்று வருவோருக்கு மட்டுமே அத்தொகை எனச் சுருக்கினர். அந்த மற்றோர் உதவிக்குத் தகுதியிருந்தும் மனுச் செய்யாத முதியவர் பலர் இருந்தனர். ஒன்றைக் கேட்காதிருந்த அவர்கள், மற்றொன்றையும் இழந்தனர். எதிர்ப்பு வலுக்கவே, 2025-இல் பெரும்பாலோருக்கு அத்தொகை மீண்டும் அளிக்கப்பட்டது. செல்வமும் கல்வியும் மிக்க நாட்டிலேயே இவ்வாறெனில், நமது சந்துகளில் வாழும் முதியவரைக் குறை கூறுவது எங்ஙனம்?

7. சங்கம் செய்யத்தக்கது

பெரும் பொருட்செலவு எதுவும் இதற்குத் தேவையில்லை. காரியதரிசியின் ஒரு மாலை நேரமும், நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானமும் போதும்.

முதலில், அங்கத்தினர் பதிவேட்டில் வயதுக் கலத்தைப் பாருங்கள். வரும் பன்னிரண்டு மாதங்களில் 60 வயது நிறையப்போகிறவர் யார் யார் எனத் தனித்தாளில் எழுதுங்கள். அவர்களின் ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் மூன்றிலும் பெயரும் பிறந்த ஆண்டும் ஒத்துள்ளனவா எனச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவதாக, குடும்பத்தில் உள்ள முதியவர்களுக்கென ஒரு கலம் சேருங்கள். அங்கத்தினரின் தாய், தந்தை, தார் சுற்றும் மனைவி, தனித்து வாழும் அத்தை ஆகியோர் பெயரை அதில் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே ‘பெறுகிறார்’, ‘மனுச் செய்துள்ளார்’, ‘நின்றுவிட்டது’, ‘தகுதியில்லை’ என்னும் நான்கில் ஒன்றைக் குறியுங்கள்.

மூன்றாவதாக, கணக்கு காட்டும் அறிகுறியைக் கவனியுங்கள். கூலிப் பதிவேட்டில் மாதம் நான்கு சேலை நெய்தவர் இரண்டுக்கு இறங்கியிருந்தால் கண்ணோ தோளோ தளர்ந்திருக்கலாம். நியாய விலைக் கடையில் விலைப் பொருளை விட்டு இலவச அரிசியை மட்டும் வாங்குபவருக்குப் பணவரவு நின்றிருக்கலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஆண்டுதோறும் பயிர்க்கடன் பெற்றவர் இவ்வாண்டு வரவில்லை எனில் காரணம் கேட்கலாம். என் தவறான குறிப்பை நினைவில் வைத்துக்கொண்டு, ‘தேவையில்லை’ என எழுதுமுன் ஒரு முறை நேரில் கேட்டுவிடுங்கள்.

நான்காவதாக, மனுச் செய்ய உடன் செல்லுங்கள். மனு, அரசு இ-சேவை மையத்தில் பதிவு செய்யப்படுகிறது. பல தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களே இத்தகைய மையம் நடத்துகின்றன. கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்தபின், சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியர் ஆணை பிறப்பிக்கிறார். பதிவு எண்ணைச் சங்கப் பதிவேட்டில் குறித்து, மாதம் ஒரு முறை நிலையைப் பாருங்கள். தாமதமாயின், திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம். முதியோருக்கான 14567 என்னும் தொலைபேசி உதவி எண்ணும் உண்டு. தொகையும் தகுதி விதிகளும் அரசாணையால் மாறக்கூடியவையாதலின், மனுச் செய்யும் நாளில் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்க.

ஐந்தாவதாக, நியாய விலைக் கடை நடத்தும் சங்கங்களுக்கு ஒரு சொல். 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கப்பட்ட தாயுமானவர் திட்டம், முதியவர்க்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் பொருள்களை வீட்டிலேயே கொண்டு சேர்க்கும் பணியைக் கூட்டுறவுத் துறையிடம் ஒப்படைத்தது. முதியவர் வீட்டு வாயிலில் நிற்கும் விற்பனையாளர் அரிசியை அளந்து கொடுத்தபின், “உதவித்தொகை சரியாக வருகிறதா, பாட்டி?” என ஒரு கேள்வி கேட்டால், அன்று தபால்காரர் செய்த வேலையில் பாதியை அவர் செய்தவராவார்.

8. கை நீட்டுதலா?

நிற்க. நமது அங்கத்தினரிடையே ஓர் ஐயம் எழுவதைக் கண்டுள்ளேன். ‘தன் கையே தனக்குதவி என்பதன்றோ கூட்டுறவுக் கொள்கை? அரசின் தொகைக்கு ஆளனுப்புவது சங்கத்தின் வேலையா?’ என்கின்றனர்.

இவ்வையம் நேர்மையானது, ஆதலின் நேரான விடையும் அதற்கு வேண்டும். சிக்கனமும் சேமிப்பும் நமது முதற் கடமை. நெசவாளர் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் சேராதிருப்பவர், முதுமையில் அரசைக் குறை கூறுமுன் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆயினும் தார் சுற்றிய அம்மையாருக்குக் கூலியே தனியாகக் கிடைத்ததில்லை. கூலி கிடைக்காதவர் எதைச் சேமிப்பார்? அவர் உழைப்பு சேலையின் விலைக்குள் சென்றது. சேலையை உடுத்தியவருக்கும் விற்ற சங்கத்துக்கும் அதனால் பயன் விளைந்தது. முதுமையில் அவருக்கு வரும் 1,200 ரூபாய், நெடுநாள் கொடுபடாதிருந்த ஒரு கடனின் சிறு தவணை எனக் கொள்வதே பொருந்தும்.

அன்றியும், சென்னையில் 1904-ஆம் ஆண்டு திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் கலப்படமற்ற பொருளை நியாய விலையில் பெறவே ஒன்று கூடினர். அன்று அவர்கள் வெல்ல வேண்டியிருந்தது வணிகரின் அளவையை. இன்று நமது முதியவர் வெல்ல வேண்டியிருப்பது படிவத்தையும் முகவரிச் சான்றையும். தனியே நிற்பவருக்குக் கடினமாயிருப்பதைக் கூடி நின்று எளிதாக்குவது சங்கத்தின் வேலையென அன்று கொண்டதை இன்றும் கொள்ளலாம்.

அந்த அம்மையார் இப்போது மாதந்தோறும் பருப்பும் எண்ணெயும் வாங்குகிறார். பட்டியலில் அவர் அட்டைக்கு எதிரே அவ்விரண்டு பதிவுகளையும் காணும்போதெல்லாம் நான் அடுத்த அட்டையையும் நிதானமாகப் பார்க்கிறேன்.

படிப்பு வட்டத்திற்கான வினாக்கள்

1. நமது சங்கத்தின் பதிவேட்டில் 60 வயது கடந்தவர் எத்தனை பேர்? அவர்களுள் ஏதேனும் ஓர் உதவித்தொகை பெறுபவர் எத்தனை பேர்?

2. நமது அங்கத்தினர் வீடுகளில் தார் சுற்றுதல், களை எடுத்தல் போன்ற வேலை செய்தும் எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத பெண்கள் யாவர்? அவர்களை அங்கத்தினராகச் சேர்க்க என்ன செய்யலாம்?

3. தனித்து வாழும் ஒரு முதியவரின் ஒரு மாதச் செலவை மேற்கண்ட முறையில் எழுதுக. அதில் அரசு உதவி எவ்வளவு, பிள்ளைகள் தருவது எவ்வளவு, குறை எவ்வளவு?

4. உங்கள் வீட்டு மின்சாரப் பயன்பாட்டைக் கருவி கருவியாகக் கணக்கிட்டு, மின்கட்டண அட்டையுடன் ஒப்பிடுக.

5. உதவித்தொகை நின்றுபோன முதியவர் எவரேனும் உங்கள் தெருவில் உளரா? அடுத்த கூட்டத்திற்குள் அவரைச் சந்தித்து, நின்ற காரணத்தைக் கேட்டு வருபவர் யார்? அவர் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் குறிக்க.